சாரதியற்ற ஊர்தியும் காணாத கடிவாளமும்

விழா மலர்களிற் பழம்பெருமை பேசுதல் மரபு. ஆசிரியர்களை நன்றியோடு நினைத்தலும், உடன் பயின்றாரை வாழ்த்துதலும், மறைந்தாரை எண்ணி வருந்துதலும் அம்மரபின்பாற் பட்டனவே. அதனை நாமும் போற்றுகின்றோம். எனினும், கல்லூரி ஒன்றின் யூபிலி விழா கடந்ததை நினைத்தற்கு மட்டும் உரியதன்று. வரவிருப்பதை ஆராய்ந்து, அதனை எதிர்கொள்ள இளையோரை ஆயத்தஞ் செய்தற்கும் உரியது. ஆதலின், யட்டியாந்தோட்டையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் பழைய மாணவராகிய நாம், இம்மலரின் சில பக்கங்களை வருங்காலம் பற்றிய ஒரு வினாவுக்கு ஒதுக்க விரும்பினோம். சாரதியின்றித் தாமே ஓடும் ஊர்திகள் உலகிலே தோன்றிவிட்டன. அவற்றின் கடிவாளம் யார் கையில் இருக்கும் என்பதே அவ்வினா.

சொல் ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாதுகாப்பு என்னும் ஒரே சொல் தமிழில் இரு பொருளைத் தருகின்றது. ஊர்தி பிழைபட ஓடி மனிதரை மோதாதிருத்தல் ஒன்று. தீயோர் எவரும் அவ்வூர்தியைத் தம் வசப்படுத்தாதிருத்தல் மற்றொன்று. முன்னதைக் காப்பு என்றும் பின்னதைக் காவல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். செய்தித்தாள்கள் பெரிதும் பேசுவது காப்பைப் பற்றியே. நாம் பெரிதும் பேசப்போவது காவலைப் பற்றி. வீட்டின் கூரை ஒழுகாதிருந்தால் மட்டும் போதுமா? கதவுக்குத் தாழும் வேண்டுமன்றோ?

தானே ஓடும் ஊர்தி நேற்று முளைத்த புதுமையன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 2004ஆம் ஆண்டிலே பாலைவனத்தில் ஒரு போட்டி நடத்தியது. ஆளில்லா ஊர்திகள் பல புறப்பட்டன. ஒன்றேனும் எல்லையை எட்டவில்லை. மறு ஆண்டே ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் அமைத்த ஊர்தி முழுத் தூரத்தையும் ஓடி வெற்றி பெற்றது. 2009இல் கூகிள் நிறுவனம் இம்முயற்சியில் இறங்கியது. அதன் வழிவந்த வேமோ நிறுவனம், சாரதி இருக்கையில் எவருமில்லாத வாடகைக் கார்களை 2020 ஒக்டோபரிற் பீனிக்ஸ் நகரத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், 2016 ஆகஸ்டிலேயே இத்தகைய கார்கள், மேற்பார்வைக்கு ஒருவர் முன்னிருக்கையில் அமர்ந்திருக்க, பயணிகளை ஏற்றிச் சோதனையோட்டம் ஓடின. டில்லி நகரில் 2020 டிசெம்பர் முதல் சாரதியில்லா மெட்ரோ ரயில் ஓடுகின்றது.

“இவையெல்லாம் எங்கோ நடப்பவை. களனி கங்கையின் கரையிலே, கொழுந்து லொறியும் முச்சக்கரவண்டியும் இ.போ.ச. பஸ்ஸும் ஓடும் நம் ஊரில் இவ்வாராய்ச்சி எதற்கு?” என வினவுவார் உளர். தக்க வினாவே. ஆயின், இத்தகைய ஊர்தி ஒருநாள் முழுவடிவோடு வந்து நம் வாசலில் நிற்கப்போவதில்லை. அது சிறிது சிறிதாக வருகின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலே தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன்பின் வந்திறங்கிய புதிய கார்களுட் பல, வீதியின் வெள்ளைக்கோட்டைப் பார்த்துத் தாமே திரும்பவும், முன்செல்லும் வண்டியின் தூரமறிந்து பிரேக் போடவும், இணையத்தின் வழியே தம்மை ஆக்கிய நிறுவனத்தோடு செய்தி பரிமாறவும் வல்லன. சாரதி இன்னும் இருக்கின்றார். ஆயின், ஸ்டியரிங்கின்மேல் மற்றொரு கையும் வந்து அமர்ந்துவிட்டது.

ஆளின்றிச் செல்லும் சுமை நம் தோட்டங்களுக்கு முற்றிலும் புதிதன்று. மலையுச்சியிற் கொய்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி, கம்பியில் மாட்டி, பள்ளத்திலுள்ள தொழிற்சாலைக்கு இறக்கும் வழக்கம் மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்தது. மேலிருந்து விட்டவரும் தெரிந்தவர். கீழே பிடித்தவரும் தெரிந்தவர். கம்பியும் கண்ணுக்குத் தெரிந்தது. மூட்டை அறுந்து விழுந்தால் யாரைக் கேட்பது என்பதில் ஐயம் எழ இடமில்லை. இன்றைய ஊர்தியையும் ஒரு கம்பி பிணித்திருக்கின்றது. அது கண்ணுக்குப் புலனாகாத வானலை என்னும் கம்பி. அதன் மறுமுனை எந்நாட்டில் உள்ளது, அதனைப் பற்றியிருப்பவர் யார் என்பவற்றை வண்டியில் அமர்ந்திருப்பவர் அறியார். காவற் பிரச்சினையின் ஆணிவேர் இதுவே.

நடுநிலை பிறழாதிருத்தற்பொருட்டு ஒன்றை ஒப்புக்கொள்வோம். வீதிகளின் இன்றைய நிலை மெச்சத்தக்கதன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் வீதி விபத்துக்களில் மாள்வதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. 2025 மே மாதத்திற் கொத்மலைக் கெரண்டி எல்லவிலே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை மலைநாடு மறக்கவில்லை. யந்திரம் மது அருந்துவதில்லை, கண்ணயர்வதில்லை, போட்டிக்கு ஓடுவதில்லை. ஆதலின், தானே ஓடும் ஊர்தியை ஆராயாமற் பழிப்பது அறிவுடைமையாகாது. எனினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. மனிதர் பிழை செய்யின் ஒரு வண்டி கெடும். ஒரே மென்பொருளால் ஓடும் பல்லாயிரம் ஊர்திகளின் திறவுகோல் தீயோர் கையிற் சிக்கினால், அத்தனையும் ஒரே வேளையில் ஆபத்துக்குள்ளாகும். பிழை ஒவ்வொன்றாக நிகழும். வஞ்சனை ஒருங்கே நிகழும்.

அவ்வஞ்சனை எவ்வாறு இயலும் என்பதைச் சற்று நோக்குவோம். இக்காலக் கார் ஒன்றினுள்ளே சிறு கணினிகள் பல உள்ளன. பிரேக், ஸ்டியரிங், எஞ்சின், கதவு எனத் தனித்தனிப் பொறுப்புடைய அவை, 1980களில் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் வகுத்த ஒரு முறைப்படி, பொதுவான கம்பித்தொடர் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அம்முறையிற் செல்லும் செய்தியிலே அனுப்பியவரின் ஒப்பம் இருப்பதில்லை. தோட்டத்துப் பிரட்டுக்களத்தை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். விடியற்காலை இருளிலே, கங்காணியின் குரலில் எவர் கூவினாலும், ஆட்கள் அவர் சொன்ன மலைக்கே செல்வர். கூவியவர் முகத்தை விளக்குப் பிடித்துப் பார்ப்பார் இலர். காரின் உட்கணினிகளின் இயல்பும் அதுவே. வெளியார் நுழைய வழியில்லாத காலத்தில் இதனால் தீங்கு பெரிதாக விளையவில்லை. காருக்கு இணையத் தொடர்பு கொடுக்கப்பட்ட நாளிலே வேலியில் ஓர் ஓட்டை விழுந்தது.

அவ்வோட்டையின் வழியே உட்புக இயலும் என்பதை 2015 ஜூலையிற் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் மெய்ப்பித்தனர். பல மைலுக்கப்பால் வீட்டிலிருந்தவாறே, பெருந்தெருவில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கீ வண்டி ஒன்றின் வானொலியை அலறச் செய்தனர். கண்ணாடித் துடைப்பானை ஆட்டினர். ஈற்றில் எஞ்சினின் வலு சக்கரத்துக்குச் செல்லாதவாறு தடுத்தனர். வண்டியை ஓட்டியவர் அச்சோதனைக்கு உடன்பட்ட பத்திரிகையாளர் ஒருவரே. ஆதலின் உயிர்ச்சேதம் நேரவில்லை. தயாரிப்பு நிறுவனம் 14 இலட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்கு மீளழைத்தது. அங்கே ஓட்டுநர் ஒருவராவது இருந்தார். சாரதியற்ற வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்துள்ள பயணி என்செய்வார்?

மறு ஆண்டு, சீனத்து டென்சென்ட் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தார், டெஸ்லா கார் ஒன்றின் பிரேக்கைப் பன்னிரண்டு மைலுக்கப்பாலிருந்து இயக்கிக் காட்டினர். அக்குற்றத்தை அந்நிறுவனத்துக்கு அறிவித்தபின், சில நாட்களுக்குள்ளேயே கார்கள் யாவும் நின்ற இடத்திலிருந்தே, இணையத்தின் வழியாகத் திருத்தப்பட்டன. இச்செய்தியில் ஆறுதலும் உண்டு, அச்சமும் உண்டு. ஒரே இரவில் எல்லாக் கார்களுக்கும் மருந்து கொடுக்க வல்ல வழி, ஒரே இரவில் எல்லாக் கார்களுக்கும் நஞ்சு கொடுக்கவும் வல்லது. ஆதலின் அவ்வழியை அடைத்துவிடுதலும் தீர்வன்று. காவலின்றித் திறந்துவிடுதலும் தீர்வன்று. வாயில் இருக்கவேண்டும், வாயிலுக்குக் காவலும் இருக்கவேண்டும்.

கணினியை அறியாதார்கூட இவ்வூர்தியை ஏமாற்றலாம். அதன் கண்களாகிய ஒளிப்படக் கருவிகளை மயக்கினாற் போதும். 2019இல், மேற்கூறிய ஆய்வுக்கூடத்தார் தரையிற் சில சிறு ஒட்டுத்துண்டுகளைப் பதித்து, தன்னியக்கத்தில் ஓடிய காரை எதிர்த்திசை வண்டிகளுக்குரிய பகுதியை நோக்கித் திரும்பச் செய்தனர். 2020இல் மக்காஃபி நிறுவனத்து ஆராய்ச்சியாளர், வேக எல்லை 35 எனக் காட்டிய பலகையில் ஒரு சிறு கறுப்பு நாடாவை ஒட்டினர். பழைய டெஸ்லா கார் அதனை 85 என வாசித்து வேகமெடுத்தது. மனிதச் சாரதி அப்பலகையைக் கண்டால் நகைத்துவிட்டுப் போயிருப்பார்.

இவ்விடத்திற் கரவனெல்லை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறும் ஏ 7 பெருந்தெருவை எண்ணிப் பார்ப்போம். மழைக்காலத்திற் சரிந்த மண் வெள்ளைக்கோட்டை மூடுகின்றது. பனிமூட்டம் வளைவுகளை மறைக்கின்றது. தேர்தற் காலத்துச் சுவரொட்டி வீதிக்குறியின் முகத்தையே மாற்றிவிடுகின்றது. நடைபாதையில்லா ஓரத்திலே கொழுந்து மூட்டையைத் தலையிற் சுமந்த பெண்டிரும், குடை பிடித்த பள்ளிப் பிள்ளைகளும் நடக்கின்றனர். நம் சாரதிகள் இவற்றையெல்லாம் அனுபவத்தால் அறிந்தவர்கள். எந்த வளைவில் ஹார்ன் அடிக்கவேண்டும், எங்கே பிள்ளைகள் குறுக்கே ஓடுவர் என்பது அவர்கள் கைக்கே தெரியும். அகன்ற நேர்வீதிகளிற் பயின்ற யந்திரக் கண்ணுக்கு இவ்வீதி தன்னியல்பாகவே ஒரு புதிர். குறும்பனோ கொடியவனோ அப்புதிரை மேலும் சிக்கலாக்க விரும்பினால், அவனுக்கு வேண்டுவது இரண்டு ரூபாய் நாடாத் துண்டே.

ஊர்தியை ஓடவிடாது நிறுத்துதலும் ஒருவகைத் தாக்குதலே. 2023ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரத்தில், இவ்வூர்திகளை வெறுத்த சிலர் வீதியில் வைக்கும் கூம்பு ஒன்றை எடுத்து அவற்றின் முன்மூடியின்மேல் வைத்தனர். அத்துணைப் பெரிய அறிவுப்பொறி அசையாது நின்றுவிட்டது. 2025 டிசெம்பரில் அதே நகரிற் பெரும் மின்தடை ஏற்பட்டபோது, வீதி விளக்குகள் அணைந்த சந்திகளிற் சாரதியற்ற கார்கள் திகைத்து நின்று போக்குவரத்தை மறித்தன. அகன்ற நகரத்தில் இது இடைஞ்சல் மட்டுமே. ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாகிய நம் வீதியில், நோயாளியை ஏற்றிக் கொழும்பு நோக்கி விரையும் வண்டியின் முன்னே அவ்வாறு ஒன்று நின்றால், அது உயிர் பறிக்கும் தடையாகும்.

இனி, வேவு என்னும் அபாயத்தை நோக்குவோம். தானே ஓடும் ஊர்தி தன்னைச் சுற்றியுள்ள யாவற்றையும் இடையறாது பார்க்கவேண்டும். பார்த்தவற்றுட் பலவற்றைச் சேமிக்கவும் செய்யும். 2024 டிசெம்பரில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 8 இலட்சம் மின்கார்கள் பற்றிய தரவுகள், பலவற்றின் இருப்பிட விவரத்தோடு, இணையத்திற் காவலின்றிக் கிடந்தமை வெளிப்பட்டது. சீன அரசு 2021இல் டெஸ்லா கார்கள் தன் படைமுகாம்களுள் நுழைதலைத் தடுத்தது. அமெரிக்க அரசு 2025 சனவரியிற் சீன, ருஷ்யத் தொடர்புடைய கார் மென்பொருட்களை விலக்கும் விதியை இயற்றியது. ஒருவரையொருவர் ஐயுறும் இவ்விரு வல்லரசுகளும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன: பிறநாட்டுக் கார், சக்கரம் பூட்டிய கண் என்பதே அது. வல்லரசுகளே அஞ்சும் பொருளைச் சிறிய நாடாகிய நாம் ஆராயாது ஏற்பது தகுமா?

நோர்வே நாட்டின் அனுபவம் நமக்கு மிகவும் அண்மையது. ஒஸ்லோ வட்டாரத்துப் பொதுப் போக்குவரத்து நிறுவனமாகிய ரூட்டர், சீனத்து யூட்டோங் மின்பஸ் ஒன்றை மலையின் உட்புறத்துச் சுரங்கத்திற் கொண்டுசென்று, வெளியலைகள் எட்டாதவாறு வைத்துச் சோதித்தது. பஸ்ஸின் மின்கல, மின்வழங்கற் கட்டுப்பாட்டைத் தயாரிப்பாளர் தொலைவிலிருந்தே அணுகக்கூடும் என்றும், அதனால் பஸ்ஸை நிறுத்துதலும் கொள்கையளவில் இயலும் என்றும் 2025இல் அறிவித்தது. எவரும் அவ்வாறு தீங்கு செய்ததாகச் சான்று இல்லை. அந்த பஸ் சாரதியுள்ளதே என்பதையும் கருதுக. நோர்வேயர் பஸ்ஸைக் கொளுத்தவுமில்லை, செய்தியை மறைக்கவுமில்லை. சோதித்தனர், உண்மையை வெளியிட்டனர், இனி வாங்கும் பஸ்களுக்குக் கடுமையான நிபந்தனை விதிக்க முனைந்தனர். இதுவே அறிவுடையோர் நெறி.

நம் நாட்டிலும் இதனோடு உறவுடைய ஒரு வினா 2025இல் எழுந்தது. சீன நிறுவனம் ஒன்றின் மின்கார்களின் மோட்டார் வலு 100 கிலோவாற்றா, 150 கிலோவாற்றா என்ற ஐயத்தாற் சுங்கத் திணைக்களத்தார் பல கார்களைத் தடுத்துவைத்தனர். விடயம் நீதிமன்றம்வரை சென்றது. அவ்வழக்கின் நியாயம் ஈண்டு நம் ஆராய்ச்சிக்குரியதன்று. ஆனால் அது கற்பித்த பாடம் நமக்குரியது. முன்னாளில் எஞ்சினைத் திறந்து அளந்தால் அதன் வலுவை அறியலாம். இந்நாளில் ஒரு வண்டியின் வலுவும் குணமும் அதன் மென்பொருளில் உறைகின்றன. துறைமுகத்தில் இறங்கிய நாளில் ஒன்றாக இருந்த வண்டி, மென்பொருள் மாறின் மறுநாள் வேறொன்றாகலாம். வரி அறவிடுதற்கே இவ்வளவு இடர்ப்பாடு உண்டாயின், உயிர் காத்தற்கு எத்துணை விழிப்பு வேண்டும்!

தோட்ட மக்களுக்குக் காணாத இடத்திலிருந்து வரும் கட்டளை என்பது நூலிற் படித்த செய்தியன்று. நம் பாட்டன்மார் கொழுந்து கொய்த மலைகளும் பால்வெட்டிய இறப்பர்க் காடுகளும், இலண்டனிற் பதிவான கம்பனிகளின் சொல்லுக்கும் கொழும்பிலிருந்த முகவர் நிறுவனங்களின் கடிதத்துக்கும் இயங்கின. தொழிலாளி கண்டது கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையுமே. தீர்மானித்தவரை அவர் கண்டதில்லை. 1903இற் குறுகிய இருப்புப்பாதை அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்கு வந்தது. 1942இல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், மூடப்பட்டது. வந்ததும் தொழிலாளியைக் கேட்டன்று. போனதும் தொழிலாளியைக் கேட்டன்று. யந்திரம் தீயது என்பது இதனாற் பெறப்படும் பாடமன்று. யந்திரத்தை ஆள்பவர் நமக்குத் தெரியாதவராகவும் நமக்கு விடைகூறக் கடமைப்படாதவராகவும் இருப்பின், அது எப்பொழுதும் பிறர் யந்திரமாகவே இருக்கும் என்பதே பாடம்.

விடைகூறும் கடமை பற்றி நம் முன்னோர் அறியாதிருந்தாரல்லர். திருவாரூரிலே இளவரசன் ஊர்ந்த தேரின் காலிற் கன்று ஒன்று சிக்கி மாண்டதும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், மனுநீதிச் சோழன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டதும் பெரியபுராணத்திற் படித்தோம். அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனைப் பற்றியும் அதே வரலாற்றை மகாவமிசம் கூறுகின்றது. தமிழ் நூலும் பாளி நூலும் ஒருமுகமாகப் போற்றும் நீதி இது. அத்தண்டனையின் கடுமையை இன்று எவரும் வேண்டார். ஆயின் அக்கதையில் மூன்று பொருள்கள் தெளிவாக உள்ளன. தேரை ஊர்ந்தவன் யார் என்பது தெரிந்திருந்தது; முறையிடுதற்கு ஒரு மணி தொங்கியது; மணியோசை கேட்டு வெளிவர ஒருவன் இருந்தான். சாரதியற்ற தேருக்கு இம்மூன்றும் உளவா?

2018 மார்ச்சில் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதனைக்காக ஓட்டிய தன்னியக்கக் கார், இரவிற் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருவரை மோதிக் கொன்றது. மோதுதற்கு 5.6 செக்கன் முன்னரே கருவி அவரைக் கண்டுவிட்டது எனவும், ஆயின் அவர் இன்னதெனத் துணியாது மாற்றி மாற்றி வகுத்தது எனவும் அரசாங்க விசாரணை கூறிற்று. நிறுவனத்தின்மீது குற்றவியற் பொறுப்பில்லை என 2019இல் வழக்குத் தொடுநர் தீர்மானித்தனர். மேற்பார்வைக்காகக் காரில் அமர்ந்திருந்த ஊழியரே 2023இற் குற்றத்தை ஏற்று நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர் கடமை தவறியிருக்கலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பல கோடி செலவிட்ட பேரியந்திரத்தின் பிழை, ஈற்றிற் சம்பளத்துக்கு அமர்ந்திருந்த ஒருவர் தோளில் வந்து இறங்கியதைத் தொழிலாளர் குடியிற் பிறந்த நாம் கவனியாதிருத்தல் இயலாது. 2023 ஒக்டோபரிற் சான்பிரான்சிஸ்கோவிற் குரூஸ் நிறுவனத்தின் கார் ஒரு பெண்ணைச் சில அடி தூரம் இழுத்துச் சென்றது. பின்னர், அதுபற்றி அதிகாரிகளுக்குப் பொய்யறிக்கை கொடுத்ததை அந்நிறுவனம் 2024இல் ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்தியது. நிகழ்ந்ததைக் கூற வண்டியில் வேறொருவரும் இல்லாவிடத்து, பதிவேட்டை வைத்திருப்பவர் சொல்வதே வரலாறாகிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சட்டமோ இன்னும் பழைய வீதியிலே நிற்கின்றது. ஓடும் ஊர்தி ஒவ்வொன்றுக்கும் சாரதி ஒருவர் இருத்தல்வேண்டும் என 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையும் 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையும் விதித்தன. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டினது. சாரதி மனிதரே என்பது அதன் அடிப்படை. கணினிக் குற்றச் சட்டம் 2007இலும், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலும் இயற்றப்பட்டன. இவை நல்ல கற்கள். எனினும் தானே ஓடும் ஊர்திக்குரிய வீடு இன்னும் கட்டப்படவில்லை. பிறநாட்டார் வாளாவிருக்கவில்லை. வாகனங்களின் இணையக் காவல் பற்றிய 155ஆம் இலக்க விதியையும், மென்பொருள் மாற்றம் பற்றிய 156ஆம் இலக்க விதியையும் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு 2020இல் ஏற்றது. சிங்கப்பூர் 2019இல் வெளியிட்ட தொழில்நுட்ப வழிகாட்டியிற் காவலுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியது. பிரித்தானியா 2024இல் இயற்றிய சட்டம், ஊர்தி தானே ஓடும்பொழுது அதன் ஓட்டத்துக்குப் பொறுப்பாளி இருக்கையிலுள்ளவர் அல்லர், அனுமதி பெற்ற நிறுவனமே என விதித்தது. மனுநீதியின் மணி ஆங்கே மீண்டும் கட்டப்படுகின்றது எனலாம்.

இந்தியாவின் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, சாரதிகளின் பிழைப்புக் கெடும் என்பதனால் இவ்வூர்திகளை அனுமதிக்க இயலாது என 2017இலும் 2023இலும் கூறினார். சாரதித் தொழிலால் வாழும் குடும்பங்கள் நம்மிடையேயும் பல. அவ்விரக்கத்தை நாம் மதிக்கின்றோம். ஆயின் முழுத்தடை நெடுநாள் நில்லாது. மேலே காட்டியபடி, முன்வாயிலில் மறிக்கப்பட்ட விருந்தினர் பின்வாயிலால் ஏற்கெனவே வந்துவிட்டார். ஆதலின், தடையன்று, நிபந்தனையே நாம் வேண்டுவது.

முதலாவது, இணையத்தோடு பிணைந்த எந்த வாகனமும் மேற்கூறிய 155, 156ஆம் விதிகளுக்கு இணங்கியதென்ற சான்றின்றித் துறைமுகத்தை விட்டு வெளியேறலாகாது. இரண்டாவது, அத்தகைய வாகனத்துக்கு இலங்கையிலே பதிவுபெற்ற பொறுப்பாளி ஒருவர் இருத்தல்வேண்டும். கேட்டவுடன் விடைகூறவும், தீங்கு நேரின் நட்டஈடு கொடுக்கவும் அவர் கடமைப்பட்டவராதல்வேண்டும். மூன்றாவது, வெளித்தொடர்பை அறுத்து, வண்டியை நிறுத்தும் ஆற்றல் உள்ளிருக்கும் மனிதர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். நான்காவது, விபத்து நிகழின், ஊர்தியின் பதிவேடு நிறுவனத்தாரிடம் மட்டுமன்றிப் பொலிசாரிடமும் பாதிக்கப்பட்டாரிடமும் செல்லவேண்டும்.

ஐந்தாவது நிபந்தனை நம்மைப் போன்ற நாடுகளுக்கே சிறப்பாக உரியது. யப்பானிற் சில ஆண்டு ஓடிய கார்களை வாங்கி, இங்கே பல்லாண்டு ஓட்டுவது நம் வழக்கம். இரும்பு தேய்ந்தால் நம் கராஜ்காரர் திருத்துவர்; அவர்தம் கைவன்மை யாவரும் அறிந்ததே. மென்பொருள் பழுதானால் யார் திருத்துவார்? அமெரிக்காவில் 2022இற் பழைய தலைமுறைத் தொலைபேசி அலைகள் நிறுத்தப்பட்டபோது, பல கார்கள் ஆபத்துக் காலத்தில் உதவி கோரும் வசதியை இழந்தன. செல்வ நாடுகள் கழித்துவிட்ட, காவற் திருத்தம் நின்றுபோன ஊர்திகளின் கிடங்காக நம் மலைவீதிகள் ஆகிவிடக்கூடாது. எத்தனை ஆண்டுவரை திருத்தம் வழங்கப்படும் என்பதை விற்பவர் எழுத்தில் உறுதிகூறவேண்டும்.

இவ்வளவையும் செய்யச் செலவாகும், வாகனத்தின் விலை ஏறும் என்பார் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் பூட்டின் விலைக்கு அஞ்சி வீட்டைத் திறந்துபோடுவார் இலர். வளர்ந்த நாடுகள் விதித்தபின் பார்க்கலாம் என்பாருக்கு, அவை விதித்துவிட்டன என்பதே விடை.

இளைய மாணவர்க்கு ஒரு சொல். மேலே கூறிய குற்றங்களுட் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர் கள்வர் அல்லர். நன்னோக்கத்தோடு பூட்டைச் சோதித்த கல்வியாளர். குற்றங் கண்டார்; உரியாருக்கு அறிவித்தார்; திருத்தப்பட்டபின் உலகுக்கு உரைத்தார். இது உயர்ந்த ஒழுக்கமும் உயர்ந்த தொழிலுமாகும். இதற்கு மாடமாளிகை வேண்டுவதில்லை. கணிதமும் தருக்கமும் பொறுமையும் வேண்டும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பிள்ளைகள் இக்கல்வியிற் பின்தங்குவதற்கு அறிவுக்குறை காரணமன்று, வாய்ப்புக்குறையே காரணம். விழாவின் நினைவாகப் பழைய மாணவர் சங்கத்தார் கல்லூரிக்குச் செய்யக்கூடிய பணிகள் பல. அவற்றுள், இக்கலையைப் பயிற்றும் ஆசிரியர் ஒருவருக்கும் சிறு கணினிக்கூடம் ஒன்றுக்கும் வழிசெய்தல் முதன்மையானதென நாம் கருதுகின்றோம். கட்டிய மண்டபத்தைக் காலம் பழையதாக்கும். கற்பித்த அறிவு தலைமுறைதோறும் புதிதாகும்.

தேரோட்டியின் பெருமையைப் பாரதத்தாற் கற்றவர் நாம். பார்த்தனுக்குச் சாரதியாக இறைவனே அமர்ந்தான் என்னும் கதை, குதிரையின் விரைவினும் கடிவாளம் பிடித்த கையே பெரிது என உணர்த்துகின்றது. நாளைய தேரிற் குதிரையும் இராது. ஓட்டுபவரும் கண்ணுக்குத் தெரியார். ஆயினும் கடிவாளம் இருக்கவே செய்யும். அது யார் கையில் உள்ளது எனக் கேட்கும் உரிமையும், கேட்டறியும் கல்வியும் நம் மக்களிடம் இருக்குமாயின், எவ்வகைத் தேருக்கும் நாம் அஞ்சவேண்டியதில்லை. அக்கல்வியை வழங்கும் பணியில் நம் கல்லூரி நீடு வாழ்க! அதன் மாணவர் அறிவும் அறமும் ஒருங்கே பெற்று ஓங்குக!